கார்டிஃபில் கிடைத்த அரைப் பென்னி கார்டு

'பேரன் ரக்பி விளையாடுகிறான்' என்று மகள் போனில் சொன்னபோது, 'பல்லெல்லாம் பத்திரமா இருக்கா?' என்றுதான் முதலில் கேட்டேன். ரக்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் போன வருடம் வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில், மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, அந்தப் பத்து வயதுப் பையனும் நானும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினோம். ரக்பி வீரர்களின் படம் போட்ட பழைய அஞ்சலட்டைகளையும், அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த அட்டைகளையும் தேடுகிற வேலை.

அவனுக்கு ரக்பி பிடிக்கும். எனக்குக் கார்டு பிடிக்கும். ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்து நான்கு வருடம் சார்ட்டிங் செய்தவன் நான். ராத்திரி ரயிலில் நின்றபடியே கார்டுகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்ட கை இது. கார்டு என்று யாராவது சொன்னால் இன்னமும் விரல் தானாக அசையும்.

ஊர் நடுவே மைதானம்

கார்டிஃப் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஐந்து நிமிட நடையில் ரக்பி மைதானம் வந்துவிடுகிறது. நம் ஊர்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கோயில் கோபுரம் தெரிகிற மாதிரி, இங்கே கடைத்தெருவுக்கு நடுவிலேயே பெரிய ஸ்டேடியம் எழுந்து நிற்கிறது. 1999-ல் திறந்தது. 74,000 பேர் உட்காரலாம். மழை வந்தால் மேற்கூரையை மூடிக்கொள்ளலாம். மழை அடிக்கடி வருகிறது என்பதால் அது வீண் செலவில்லை. ஒரு பக்கம் டாஃப் ஆறு ஓடுகிறது. கொஞ்சம் தள்ளி கார்டிஃப் கோட்டை. கோட்டையின் பக்கச் சுவரில் கல்லில் செதுக்கிய சிங்கமும் கரடியும் குரங்கும் எட்டிப் பார்க்கின்றன.

எல்லாப் பெயர்ப் பலகையிலும் இரண்டு மொழி. ஆங்கிலத்தோடு வெல்ஷ். சாலையில் வெள்ளை பெயின்டில் 'மெதுவாக' என்பதற்கு 'அராவ்' என்று எழுதியிருக்கிறார்கள். என் பேரன் பள்ளியில் வெல்ஷ் படிக்கிறான். வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வான். தமிழ் எழுதத் தெரியாது. மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ரக்பியை அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அணிக்கு 15 பேர். 80 நிமிட ஆட்டம். முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் கையால் கொடுக்கும்போது முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோ வருபவனுக்குத்தான். எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்தினால் அது 'ட்ரை'. இன்றைக்கு அதற்கு 5 புள்ளி. அந்தக் காலத்தில் 3.

"கபடி மாதிரிதான்டா" என்றேன். "பிடிச்சு விழ வைக்கணும். ஆனா பாடிக்கிட்டே ஓட வேண்டாம்."

"இங்க வெளியில இருக்கறவங்க பாடுவாங்க தாத்தா" என்றான். அது உண்மை என்று பிறகு தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை

வேல்ஸில் ரக்பி அட்டை சேர்க்கிற யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு தேதிக்கு வந்து நிற்பார்கள்: 1905 டிசம்பர் 16, சனிக்கிழமை. நியூசிலாந்து அணி அந்த வருடம் கப்பலேறி வந்து பிரிட்டன் முழுக்க எல்லோரையும் ஜெயித்துக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் மொத்தம் 35 ஆட்டம் ஆடி 34-ல் வென்றார்கள். தோற்ற ஒன்று கார்டிஃபில்.

இன்றைய ஸ்டேடியம் நிற்கிற அதே இடத்தில்தான் அன்றைக்கு ஆட்டம் நடந்தது. சுமார் 47,000 பேர் கூடினார்கள். நியூசிலாந்துக்காரர்கள் வழக்கம்போல 'ஹாகா' என்ற மாவோரி ஆட்டத்தை ஆடி முடித்ததும், பதிலுக்கு வேல்ஸ் வீரர் டெடி மார்கன் 'ஹென் வ்லாட் வை நாடாய்' என்ற வெல்ஷ் பாட்டைத் தொடங்க, மைதானமே சேர்ந்து பாடியது. 'என் தந்தையரின் பழைய நாடு' என்று அதற்குப் பொருள். விளையாட்டுப் போட்டிக்கு முன் நாட்டுப் பாட்டு பாடுகிற வழக்கமே அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று வேல்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

பாட்டை ஆரம்பித்த அதே டெடி மார்கன்தான் ஆட்டத்தின் ஒரே ட்ரையையும் எடுத்தார். வேல்ஸ் 3, நியூசிலாந்து 0. இரண்டாவது பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று ஒரு தகராறு. நடுவர் இல்லை என்றார். டீன்ஸ் சும்மா இருக்கவில்லை. 'நான் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் பந்தை வைத்தேன்' என்று லண்டன் பத்திரிகைக்குத் தந்தி அடித்தார். மூன்று வருடத்தில், 24 வயதில், குடல்வால் நோயால் இறந்துபோனார். அந்தத் தகராறு மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்த வெற்றி வந்த காலம், பட அஞ்சலட்டை கொடிகட்டிப் பறந்த காலம். அரைப் பென்னி ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், கார்டு போய்ச் சேரும். பெரிய ஊர்களில் ஒரே நாளில் பல முறை பட்டுவாடா. சனிக்கிழமை ஜெயித்த அணியின் போட்டோவை அச்சடித்துக் கடையில் தொங்கவிட்டால், ஊரெல்லாம் வாங்கி உறவுக்காரர்களுக்கு அனுப்பியது. தோற்ற அணிக்குக் கறுப்பு பார்டர் போட்டு இரங்கல் கார்டு அச்சடித்து விற்றவர்களும் உண்டு. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் மீம்ஸ் அனுப்புகிறோமே, அதேதான்.

அப்படி ஓர் 1905 அணியின் கார்டு எங்களுக்கும் வேண்டும் என்று பேரனும் நானும் முடிவெடுத்தோம்.

25 பவுண்டு பாடம்

முதலில் ஏமாந்தோம். இணையத்தில் ஒருவர் விற்ற கார்டை 25 பவுண்டு கொடுத்து வாங்கினோம். கையில் எடுத்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. பழைய கார்டுக்கு உரிய கனம் இல்லை. பழுப்பு நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. வயதான கார்டு ஓரத்தில்தான் முதலில் பழுக்கும். வாழை இலை மாதிரி.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று குட்டிக் குட்டிப் புள்ளிகள். நிஜமான போட்டோ கார்டாக இருந்தால் புள்ளியே இருக்காது. நிழலும் வெளிச்சமும் பால் மாதிரி ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும். அச்சுக் கார்டு என்றாலும் பெரும்பாலும் ஒரே மைப் புள்ளிகள்தான் வரிசையாகத் தெரியும். மூன்று வண்ணத்தில் புள்ளி வைத்துப் பழுப்பைச் செய்திருந்தால், அது நம் காலத்து வேலை.

கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று மாப்பிள்ளை வாங்கித் தந்தார். அதன் கீழே வைத்ததும் கார்டு புது வேட்டி மாதிரி நீல வெள்ளையில் மின்னியது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கிற ரசாயனம் அப்படி மின்னும். அது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. 1905 காகிதத்தில் அதற்கு வேலையே இல்லை.

பேரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பரவாயில்லைடா, ஃபீஸ் கட்டிட்டோம்னு வெச்சுக்கோ" என்றேன்.

அப்புறம் எனக்குத் தெரிந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கார்டைக் கையில் எடுத்தால் முதலில் முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார். பிரிட்டனில் 1902 வரைக்கும் பின்பக்கத்தில் விலாசம் மட்டும்தான் எழுதலாம். சொல்ல வேண்டியதைப் படத்துக்கு ஓரத்தில் இடுக்கி எழுத வேண்டும். 1902-ல்தான் நடுவில் கோடு போட்டு இடது பக்கம் சேதி, வலது பக்கம் விலாசம் என்று அனுமதித்தார்கள். ஸ்டாம்பில் ஏழாம் எட்வர்ட் தலை பச்சை நிறத்தில் இருந்தால் அரைப் பென்னி. ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் 1911-க்குப் பிறகு. 1918-ல் கட்டணம் ஒரு பென்னியாக ஏறியது. கடைசியாக முத்திரை. ஊர், தேதி, நேரம் மூன்றும் அதில் இருக்கும். மற்றவர்களுக்குக் கறுப்பு வட்டம். சார்ட்டர்களுக்கு அது ஜாதகம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை

அடுத்த மாதம் கார்டிஃபுக்கு வெளியே ஒரு பொது மண்டபத்தில் அஞ்சலட்டைச் சந்தை என்று மகள் விசாரித்துச் சொன்னாள். மழையில் நனைந்துகொண்டே போனோம். உள்ளே இருபது, முப்பது மேஜைகள். ஒவ்வொன்றிலும் காலணிப் பெட்டி நீளத்துக்கு அட்டைப் பெட்டிகள், ஊர்வாரியாகப் பிரித்த கார்டுகள். சார்ட்டிங் ஆபீசுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது எனக்கு. தேநீர் வாசனை, பழைய காகித வாசனை, தலையைக் குனிந்துகொண்டு கார்டு தள்ளுகிற வயதானவர்கள்.

ரக்பி என்று எழுதிய மேஜையில் எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெரியவர். நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பேரன் கேள்விமேல் கேள்வி கேட்கவும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலில் சிகரெட் அட்டைகளைக் காட்டினார். அந்தக் காலத்துச் சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதம். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டைத் துண்டு வைத்தார்கள். சும்மா இருக்கிற அட்டையில் படம் போட்டால் என்ன என்று யாருக்கோ தோன்ற, அதுவே வியாபார உத்தியாகிவிட்டது. அகலம் இரண்டு விரல் இருக்கும். முன்னால் வீரரின் முகம், பின்னால் நம்பரும் நாலு வரிக் கதையும்.

ஆக்டன்ஸ் கம்பெனி 1926-ல் புகழ்பெற்ற ரக்பி வீரர்கள் என்று 50 அட்டை போட்டது. வில்ஸ் 1929-ல் சர்வதேச ரக்பி வீரர்கள் என்று இன்னொரு 50. நம் ஊர் பெட்டிக்கடையிலும் தொங்கிய அதே வில்ஸ்தான். 50-ம் சேர வேண்டும் என்றால் அப்பா அதே சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். படம் பிள்ளைக்கு, புகை அப்பாவுக்கு. இன்றைக்கு யோசித்தால் கோபம் வருகிறது. 1940-ல் போர்க்காலக் காகிதப் பஞ்சம் வந்து அட்டை நின்றது.

அதற்கும் முன்னால், 1880-களிலேயே, பிராட்ஃபோர்டு நகரத்தில் பொம்மைக்கடை வைத்திருந்த ஜான் பெய்ன்ஸ் என்பவர் ரக்பி, கால்பந்து அணிகளின் பெயரும் படமும் போட்ட அட்டைகளைப் பொட்டலம் போட்டுப் பையன்களுக்கு விற்றார். கேடயம் மாதிரி, இதயம் மாதிரி வெட்டிய வண்ண அட்டைகள். பெரியவர் ஒன்றைக் காட்டினார். முனை மழுங்கிப் போயிருந்தது. பையன்கள் அதை வைத்து ஆடித் தேய்த்திருக்கிறார்கள். தீப்பெட்டிப் படம் வைத்து நாங்கள் திண்ணையில் ஆடியது ஞாபகம் வந்தது. பிழைத்திருக்கிற அட்டைகள் குறைவு என்பதால்தான் விலை அதிகம் என்றார்.

நான் இந்தியா என்று தெரிந்ததும், "உங்கள் ரூபாயில் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னும் அடித்துக்கொள்கின்றன" என்று சிரித்தார். உண்மைதான். 1873-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ரக்பி கிளப், ஆள் குறைந்து மூடப்பட்டபோது, பாங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக வாங்கி, 270 ரூபாயை உருக்கிக் கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு. மூடியின் மேல் யானை. 1879 முதல் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்குப் போட்டி நடக்கிறது.

சுத்தமானதா, எழுதினதா?

கடைசியில் 1905 வேல்ஸ் அணிக் கார்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒரே போட்டோ. ஒன்று யாரும் எழுதாதது, பின்பக்கம் வெறுமை, 40 பவுண்டு. இன்னொன்று எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் போய் வந்தது, மூலை மடங்கி, மை ஊறி முன்பக்கத்தில் லேசாகத் தெரிந்தது, 18 பவுண்டு.

பேரன் சுத்தமானதைத்தான் கேட்டான். அவன் சேர்க்கிற இந்தக் காலத்து அட்டைகளில் ஒரு கீறல் விழுந்தாலும் மதிப்பு போய்விடும். பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே எடுக்கவே மாட்டான். "இதுல யாரோ கிறுக்கியிருக்காங்க தாத்தா" என்றான்.

நான் கிறுக்கியதைப் பார்த்தேன். முத்திரை தெளிவாக இருந்தது. கார்டிஃப், 1905 டிசம்பர் 21, மாலை. ஆட்டம் முடிந்த ஐந்தாம் நாள். சேதி முழுக்க வெல்ஷ் மொழியில். பேரனுக்கு அங்கங்கே ஒரு சொல்தான் புரிந்தது. பெரியவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மெதுவாக வாசித்து, எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

எழுதியவன் கார்டிஃபில் வேலை பார்க்கிற ஒரு மகன். அம்மாவுக்கு எழுதியிருக்கிறான். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போயிருந்தானாம். கத்திக் கத்திக் குரல் இன்னும் சரியாகவில்லையாம். கூட்டத்தில் தொப்பி தொலைந்துவிட்டது, அப்பாவிடம் சொல்ல வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அவ்வளவுதான்.

பெரியவர் கார்டை உடனே திருப்பித் தரவில்லை. பல வருடமாகத் தன் பெட்டியில் இருக்கிறது, படத்தை மட்டும்தான் எல்லோரும் பார்த்தார்கள், இதை வாசித்துக் காட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். அவர் பாட்டிக்கு வெல்ஷ் தவிர வேறு மொழி வராதாம்.

பிறகு படத்தைத் திருப்பி, கீழே அச்சடித்த பெயர்களில் ஒன்றைப் பேரனுக்குக் காட்டினார். அந்த அணியில் இரண்டு பிரிட்சார்டுகள். அதில் சார்லி பிரிட்சார்டு, நியூசிலாந்துக்காரர்களை மடக்கி மடக்கி விழ வைத்தவர், 1916 ஆகஸ்டில் பிரான்ஸ் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தார். எதிரணித் தலைவர் டேவ் கல்லஹரும் அடுத்த வருடம் பெல்ஜியத்தில் போனார். வேல்ஸுக்காக ஆடிய 13 பேரை முதல் உலகப்போர் கொண்டுபோனது. தொப்பியைத் தொலைத்த மகன் என்ன ஆனான் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

"நாம இதையே எடுத்துக்கலாம்டா" என்றேன். பேரன் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சுருங்கியது.

11 ரூபாய் 80 பைசா

திரும்பி வரும்போது ரயிலில் அவனிடம் சொன்னேன். இதுவரை வீட்டில் யாரிடமும் விவரமாகச் சொல்லாதது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் அப்பா கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் ஒரு 15 பைசா கார்டு போடுவார். பள்ளிக்கூட வாத்தியார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்தது, பசு கன்று போட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி வேலையில் வெறும் வயிற்றோடு நிற்காதே. இதைத் தவிர ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அவர் போன பிறகு, 2004-ல் வீட்டை இடித்துக் கட்டினோம். தூசி, அவசரம். பழைய பேப்பர்காரர் வந்தார். பேப்பரோடு பெட்டியில் இருந்ததையும் கொட்டினேன். மொத்தம் 11 ரூபாய் 80 பைசா கொடுத்தார். எனக்கு அந்தத் தொகை மறக்கவே இல்லை.

ஊரார் கார்டு ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று 34 வருடம் பிரித்துப் போட்டவன், சொந்த வீட்டுக் கார்டை எடைக்குப் போட்டேன்.

"எல்லாமேவா தாத்தா? ஒண்ணுகூட இல்லையா?" என்றான்.

"ஒண்ணுகூட இல்ல."

கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு என் பையிலிருந்து கார்டை வாங்கி, படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்த்தான். 'மாம்' என்றால் வெல்ஷில் அம்மா, இது எனக்குத் தெரியும் என்று விரல் வைத்துக் காட்டினான்.

மலை பெய்கிறது

வீட்டில் அந்தக் கார்டை ஆல்பத்தில் வைத்தோம். பசை, செல்லோடேப் எதுவும் படக் கூடாது. நாலு மூலையிலும் காகித மூலை வைத்து, தேவைப்பட்டால் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. உங்கள் வீட்டிலும் பழைய கார்டுகள் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரியில் வையுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

மறுநாள் பேரன் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னான். ரக்பி ஸ்டேடியம் படம் போட்ட ஒரு கார்டு வாங்கினான். திருச்சியில் எங்கள் சின்ன மகள் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு எழுத வேண்டுமாம். தமிழில். என் மகள் ஒரு தாளில் எழுத்துகளைப் போட்டுக் காட்ட, அதைப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் நாலு வரி எழுதினான். நாங்கள் திருத்தவில்லை. தெருமுனையில் சிவப்புத் தபால் பெட்டியில் அவனே போட்டான். எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று பெட்டியில் எழுதியிருந்ததையும் படித்துப் பார்த்துக்கொண்டான்.

பதினாறாம் நாள் என் மனைவியிடமிருந்து போன் வந்தது. "என்னங்க, தபால்காரர் கார்டு கொண்டாந்து கொடுத்தார். 'பாட்டி, இங்கே தினமும் மலை பெய்கிறது'ன்னு எழுதியிருக்கான் பிள்ளை. அங்க மலையா பெய்யுது?"

சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கார்டை சாமி அலமாரியில், எழுத்து தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறாளாம். படம் சுவர்ப் பக்கம்.